தொவச்ச துணியில் ஏன் அந்த ஈர வாடை? ஃப்ரன்ட் லோடு மெஷினுக்கு நாஞ்சில் நாட்டு மழைக்கால கைடு!

காலையில் அயர்ன் பண்ணும்போது சட்டையில் ஒரு குறையும் தெரியாது. வடசேரி பஸ் ஸ்டாண்டில் பத்து நிமிஷம் நின்று லேசாக வேர்த்ததும், காலர் பக்கத்திலிருந்து பழைய தரைத்துணி வாடை கிளம்பும். பக்கத்தில் நிற்பவர் அரை அடி தள்ளி நிற்பார். அன்றைக்கு இன்டர்வியூ என்றால் கேட்கவே வேண்டாம்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தால், அம்மா துவர்த்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பார். "மக்கா, இது தொவச்சதாடே, தொவைக்காததா?" (வெளியூர்க்காரர்களுக்கு: துவர்த்து என்றால் குளித்துவிட்டுத் துடைக்கிற துண்டு.)

உடனே நாம் என்ன செய்வோம்? சோப்புத்தூளை மாற்றுவோம். இல்லையென்றால் வாசனை லிக்விடை இன்னும் ஒரு மூடி கூடுதலாக ஊற்றுவோம். ஒரு வாரம் மணக்கும். அப்புறம் பழைய கதைதான். ஏனென்றால் பிரச்னை சோப்பில் இல்லை. துணியைத் துவைக்கிற மெஷினுக்குள்ளேயே இருக்கிறது!

வாடை எங்கிருந்து வருது?

2012-ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் இந்த ஈரத்துணி வாடைக்குக் காரணமான முக்கியக் கிருமி ஒன்றை அடையாளம் காட்டினார்கள். அதன் பெயர் மொராக்செல்லா ஆஸ்லோயென்சிஸ். இது மனிதத் தோலிலும் வீட்டிலும் சாதாரணமாக இருக்கும் பாக்டீரியாதான். ஆனால் துணியில் மிச்சமிருக்கும் வியர்வை, தோல் எண்ணெயைத் தின்று, அந்த வாடைக்கான அமிலத்தை வெளியிடுகிறது. துணி காய்ந்தாலும் அது எளிதில் சாவதில்லை. மறுபடி ஈரம் பட்டால் வேலையைத் தொடங்கிவிடும். காய்ந்தபோது நாறாத சட்டை, வேர்த்ததும் நாறுவது இதனால்தான்.

சரி, சோப்பு போட்டுத் துவைத்த துணியில் அழுக்கு எப்படி மிஞ்சுகிறது? அதற்கு மெஷினின் அமைப்பைத் தெரிஞ்சுக்கணும்.

ஃப்ரன்ட் லோடு மெஷினில் நாம் பார்ப்பது துளை போட்ட உள் டிரம்மை மட்டும்தான். அதைச் சுற்றி வெளியே இன்னொரு தொட்டி இருக்கிறது. தண்ணீர் நிற்பதும் ஹீட்டர் இருப்பதும் அதில்தான். அந்த இடத்தை நாம் பார்க்கவே முடியாது. துணியில் இருந்து வரும் எண்ணெய், கரையாத சோப்பு, வாசனை லிக்விட் எல்லாம் சேர்ந்து அங்கே வழுவழுப்பாக ஒரு படலம் படியும். அதில் கிருமிகள் குடியேறும். கதவு ஓரத்து ரப்பர் மடிப்பிலும் தண்ணீர் தேங்கும். கதவை மூடிவிட்டால் காற்று போக வழியில்லை.

உங்க பாட்டி காலத்துத் துவைக்கிற கல்லை யோசித்துப் பாருங்கள். விளவங்கோடு பக்கம் கிணற்றடியில் துணி 'அலக்க' போட்டிருந்த அந்தக் கல் என்றைக்காவது நாறியிருக்கிறதா? துவைத்து முடித்ததும் ஒரு வாளி தண்ணீர் ஊற்றுவார்கள். கொஞ்ச நேரத்தில் வெயிலில் காய்ந்துவிடும். அவ்வளவுதான் ரகசியம். மெஷினுக்கும் அந்த இரண்டுதான் தேவை: மிச்சம் மீதி இல்லாமல் கழுவணும், காய விடணும்.

நம்ம ஊருக்கு ஏன் டபுள் கவனம்?

தமிழ்நாட்டின் பெரும்பகுதிக்கு முக்கிய மழை ஐப்பசி, கார்த்திகையில்தான். கன்னியாகுமரி மாவட்டத்துக்குத் தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் உண்டு. ஜூனில் தொடங்கினால் நடுவில் சின்ன இடைவெளி விட்டு டிசம்பர் வரை காற்றில் ஈரம்தான். மெஷின் தானாகக் காய்வதற்கு இங்கே சான்ஸ் குறைவு.

அடுத்தது தேங்காய் எண்ணெய். தலையில், உடம்பில் எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் ஊர் இது. துவர்த்தும் தலையணை உறையும் எண்ணெயைச் சுமந்துகொண்டுதான் மெஷினுக்குள் போகின்றன. குளிர்ந்த தண்ணீரில் 15 நிமிஷ குவிக் வாஷ் போட்டால் அந்த எண்ணெய் முழுசாகப் போகாது. துணியை விட்டுத் தொட்டியில் ஒட்டிக்கொள்ளும்.

மூன்றாவது, கஞ்சி. கஞ்சி போட்ட வேட்டியை அப்படியே மெஷினில் போட்டால், கரைந்த மாவுச்சத்து கிருமிகளுக்குச் சாப்பாடு! முதலில் வாளியில் முக்கி அலசிவிட்டுப் போடுங்கள். துவைத்த பிறகு கஞ்சி போடுவதும் வாளியிலேயே இருக்கட்டும்.

கடைசியாக மணல். முட்டம், சொத்தவிளை, சங்குத்துறை கடற்கரைக்குப் போய்விட்டு வந்த ஜீன்ஸின் மடிப்பிலும் பாக்கெட்டிலும் எவ்வளவு மணல் இருக்கும் தெரியுமா? உதறாமல் போட்டால் நேராக ஃபில்டருக்கும் ரப்பர் மடிப்புக்கும்தான் போகும். ரப்பர் தோட்ட வேலைக்குப் போகிறவர்களின் பால் கறை படிந்த உடுப்புகளையும் மற்ற துணிகளோடு மெஷினில் போட வேண்டாம். உறைந்த ரப்பர் பால் துணியை விட்டுப் போகாது. உதிர்ந்து வரும் துணுக்குகள் ஃபில்டரை அடைக்கும்.

வாடை மட்டும்தான் பிரச்னையா?

பெரும்பாலான வீடுகளில் அவ்வளவுதான். ஆனால் கைக்குழந்தையோ, நோயில் படுத்திருக்கும் பெரியவர்களோ இருந்தால் கொஞ்சம் கவனம் வேண்டும்.

ஜெர்மனியில் ஒரு குழந்தைகள் மருத்துவமனையில் 2012, 2013-ல் பச்சிளம் குழந்தைகள் பலரின் உடம்பில் மருந்துக்குக் கட்டுப்படாத ஒரே வகை பாக்டீரியா திரும்பத் திரும்பத் தென்பட்டது. ஊழியர்களைச் சோதித்தார்கள், இன்குபேட்டர்களைச் சோதித்தார்கள், ஒன்றும் சிக்கவில்லை. கடைசியில் அது கிடைத்த இடம், குழந்தைகளின் கம்பளித் தொப்பியும் காலுறையும் துவைத்த வீட்டு உபயோக வாஷிங் மெஷின். அதன் சோப்புப் பெட்டியிலும் கதவு ரப்பரிலும் கிருமி இருந்தது. மெஷினை அகற்றியதும் பரவுவது நின்றது. நல்லவேளையாக, குழந்தைகளுக்கு ஆபத்தான தொற்று எதுவும் ஏற்படவில்லை. பான் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019-ல் இதை வெளியிட்டார்கள்.

பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. சோப்புப் பெட்டி, கதவு ரப்பர் இரண்டும்தான் முதலில் கவனிக்க வேண்டிய இடங்கள் என்பதற்காகத்தான். குழந்தைத் துணி, நோயாளியின் விரிப்பு போன்றவற்றைத் துணி தாங்கும் என்றால் 60 டிகிரியில் துவையுங்கள்.

ஒவ்வொரு தடவையும்: 2 நிமிஷம்

1. துணியை உடனே எடுங்கள். மெஷின் மணி அடித்ததும் போனில் 'அப்புறம்' என்று அலாரத்தைத் தள்ளாதீர்கள். ராத்திரி முழுக்க மூடிய மெஷினுக்குள் ஈரத்துணி கிடந்தால், மறுபடி அலசுவதைத் தவிர வழியில்லை.

2. ரப்பர் மடிப்பைத் துடையுங்கள். மடிப்பை விரலால் விரித்து, பழைய காட்டன் துணியால் சுற்றிலும் ஒரு தடவை. அடிப்பக்கம் முக்கியம். அங்கேதான் தண்ணீர், முடி, நூல், சில்லறைக் காசு எல்லாம் ஒதுங்கும். தண்ணீர் வடிய அங்கே சின்ன ஓட்டைகள் இருக்கும். அடைத்திருந்தால் காது குடையும் பட்ஸால் எடுத்துவிடுங்கள்.

3. கதவைத் திறந்து வையுங்கள். முழுசாக வேண்டாம், நாலு விரல் இடைவெளி போதும். சோப்புப் பெட்டியையும் பாதி இழுத்து வையுங்கள்.

வாரம் ஒரு தடவை: சோப்புப் பெட்டி

சோப்புப் பெட்டியை முழுசாக வெளியே எடுக்கலாம் என்பதே பலருக்குத் தெரியாது. உள்ளே 'பிரஸ்' என்று எழுதிய இடத்தை அழுத்திக்கொண்டே இழுத்தால் கையோடு வரும். வெந்நீரில் ஊறவைத்து, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவுங்கள். பெட்டி இருந்த பொந்துக்குள் போன் டார்ச் அடித்து மேல்பக்கம் பாருங்கள். கறுப்புப் பூஞ்சை இருந்தால் அதையும் பிரஷ்ஷால் தேய்த்துத் துடையுங்கள்.

மாசம் ஒரு தடவை: டிரம், ஃபில்டர்

டிரம் க்ளீன்: உங்கள் மெஷினில் 'டிரம் க்ளீன்' அல்லது 'டப் க்ளீன்' என்று ஒரு புரோகிராம் இருக்கும். துணி போடாமல் ஓட்டுங்கள். அது இல்லாத மாடல் என்றால், அதிகபட்ச சூட்டில் காட்டன் புரோகிராம். சோடியம் பெர்கார்பனேட் கலந்த டிரம் க்ளீனர் பவுடர்கள் கிடைக்கின்றன. சூடான தண்ணீரில் அது ஆக்சிஜனை வெளியிட்டுப் படலத்தை உடைக்கும். பாக்கெட்டில் போட்ட அளவைத் தாண்ட வேண்டாம்.

ஃபில்டர்: மெஷினுக்குக் கீழே, பெரும்பாலும் வலது மூலையில், சின்ன மூடி இருக்கும். அதைத் தொடும் முன் பிளக்கைப் பிடுங்குங்கள். வெந்நீர் புரோகிராம் ஓடியிருந்தால் ஆறும் வரை பொறுங்கள். மூடியைத் திறந்தால் பல மாடல்களில் ஒரு குட்டி ஹோஸ் தெரியும். தட்டமான பாத்திரத்தை வைத்து, அதன் வழியாகத் தண்ணீரை வடியுங்கள். பிறகு ஃபில்டரை இடப்பக்கம் திருகி எடுங்கள். பட்டன், ஹேர்பின், கடற்கரை மணல் எல்லாம் கிடைக்கும். கழுவி, திரும்ப இறுக்கமாகத் திருகி மூடுங்கள். சரியாக மூடாவிட்டால் அடுத்த வாஷில் வீடு முழுக்கத் தண்ணீர்தான்!

வருஷத்துக்கு ரெண்டு தடவை: கன்னிப்பூ, கும்பப்பூ மாதிரி!

கன்னிப்பூ, கும்பப்பூ என்று வயலுக்கு இரண்டு பருவம் வைத்திருக்கும் ஊர் இது. மெஷினுக்கும் அதே கணக்கை வைத்துக்கொள்ளலாம். மே மாசம் ஒரு தடவை, செப்டம்பரில் ஒரு தடவை, இரண்டு மழைக்கும் முன்னால் பெரிய சுத்தம்.

முதலில் தண்ணீர் வரும் ஹோஸ். பைப்பை மூடிவிட்டு ஹோஸைக் கழற்றினால், மெஷினின் பின்பக்கம் சின்ன வலை ஃபில்டர் இருக்கும். கிணற்றுத் தண்ணீர், போர் தண்ணீர் என்றால் மணலும் துருவும் அதில் அடைத்திருக்கும். மெஷின் நிரம்ப ரொம்ப நேரம் எடுத்தால் இதுதான் காரணமாக இருக்கலாம். இடுக்கியால் மெதுவாக எடுத்துக் கழுவிப் போடுங்கள்.

அடுத்தது உப்பு. உங்கள் தண்ணீர் கடினமா, மென்மையா? நாகர்கோவில் நகருக்கு முக்கடல் அணைத் தண்ணீர், கடலோரத்தில் உப்பு ஏறிய போர் தண்ணீர், மேற்கே வீட்டுக் கிணறு என்று இந்தச் சின்ன மாவட்டத்துக்குள்ளேயே தண்ணீர் பலவிதம். ஒரு பாட்டிலில் பாதி தண்ணீர் பிடித்து, குளியல் சோப்பைக் கொஞ்சம் சீவிப் போட்டுக் குலுக்குங்கள். நுரை பொங்கினால் மென்மையான தண்ணீர். நுரைக்காமல் பால் மாதிரி கலங்கினால் கடினத் தண்ணீர்.

கடினத் தண்ணீர் சூடாகும்போது ஹீட்டரில் சுண்ணாம்பு படியும். அப்படியானால், மெஷின் கம்பெனி சொல்லும் டீஸ்கேலிங் பவுடரைப் போட்டு ஒரு முறை காலியாக ஓட்டுங்கள். ரொம்பக் கடினம் என்றால் மூன்று மாசத்துக்கு ஒரு தடவை. மென்மையான தண்ணீர் என்றால் பவுடர் செலவு மிச்சம், சோப்புத்தூளையும் குறைத்துக்கொள்ளலாம்.

சோப்பு கூடினால் சுத்தம் கூடுமா?

கூடாது. ஃப்ரன்ட் லோடு மெஷின் குறைந்த தண்ணீரில் துணியைத் தூக்கிப் போட்டு அடித்துத் துவைக்கிறது. நுரை அதிகமானால் அது மெத்தை மாதிரி அடியைத் தாங்கிக்கொள்ளும். அழுக்கு போகாது, சோப்பும் முழுசாக அலசப்படாது. கையால் துவைக்கும் பவுடரை இதில் போடவே கூடாது என்பது அதனால்தான். 'ஃப்ரன்ட் லோடு' என்று போட்ட, நுரை குறைந்த பவுடரோ லிக்விடோ மட்டும் வாங்குங்கள்.

ஒரு ஈஸி டெஸ்ட்: துவைத்த துவர்த்து ஒன்றைச் சுத்தமான தண்ணீர் வாளியில் போட்டுக் கையால் கலக்குங்கள். நுரை வந்தால், நீங்கள் போடும் சோப்பு அதிகம். அடுத்த தடவை கால்வாசி குறையுங்கள்.

வாசனை லிக்விட் துணியின் மேல் கொழுப்பு மாதிரி ஒரு படலம் போடும். துவர்த்துக்கு அதைத் தவிருங்கள். தண்ணீரை உறிஞ்சாமல் போய்விடும். துவர்த்து, பெட்ஷீட், தலையணை உறையை வாரம் ஒரு முறையாவது 60 டிகிரியில் போடுங்கள். எண்ணெயும் போகும், மெஷினுக்கும் வெந்நீர்க் குளியல்.

மூக்குதான் டெக்னீஷியன்!

ஈரத் தரைத்துணி வாடை: கிருமிப் படலம். ரப்பர், சோப்புப் பெட்டி, டிரம் க்ளீன் என்று வரிசையாகச் செய்யுங்கள்.

கூமுட்டை, சாக்கடை வாடை: முதலில் பைப் தண்ணீரையே மோந்து பாருங்கள். அதில் இல்லையென்றால் ஃபில்டரில் தேங்கிய தண்ணீர், அல்லது கழிவு ஹோஸ். ஹோஸின் முனை சாக்கடைத் தண்ணீரில் மூழ்கிக் கிடந்தால் வாடை மேலே ஏறி வரும். மேனுவலில் சொன்ன உயரத்தில் மாட்டுங்கள்.

கருகல் வாடை: இது சுத்தம் சம்பந்தப்பட்டதே இல்லை. உடனே ஸ்விட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டு சர்வீஸ் ஆளைக் கூப்பிடுங்கள்.

ரீல்ஸில் பார்த்ததைச் செய்யலாமா?

'ஆப்ப சோடாவும் வினிகரும் கலந்தால் மெஷின் புதுசாகிடும்' என்று ஒரு வீடியோ உங்களுக்கும் வந்திருக்கும். இரண்டையும் கலந்தால் நுரை பொங்கும், பார்க்க நல்லா இருக்கும். ஆனால் ஒன்று அமிலம், மற்றது காரம். ஒன்றை ஒன்று அடித்துக்கொண்டு மிஞ்சுவது பெரும்பாலும் உப்புத் தண்ணீர்தான். வினிகரை அடிக்கடி ஊற்றினால் ரப்பர் பாகங்களும் கெடலாம்.

அதைவிட முக்கியமான ஒன்று. கிணறு இருக்கும் வீடுகளில் ப்ளீச்சிங் பவுடர் எப்பவும் இருக்கும். அதையோ ப்ளீச் திரவத்தையோ வினிகர், எலுமிச்சைச் சாறு, டீஸ்கேலிங் பவுடர், டாய்லெட் க்ளீனர் எதோடும் கலக்கவே கலக்காதீர்கள். குளோரின் வாயு வரும். காற்றோட்டம் இல்லாத பாத்ரூமில் அது உயிருக்கே ஆபத்து. இன்றைக்கு ப்ளீச் போட்டால், நன்றாக அலசி முடிக்கும் வரை வேறு எதையும் ஊற்ற வேண்டாம்.

ரப்பரில் கறுப்புப் புள்ளி ஊறிப்போயிருந்தால் கத்தி, ஸ்டீல் ஸ்க்ரப்பர் போட்டுச் சுரண்டாதீர்கள். உங்கள் மெஷினின் மேனுவல் அனுமதித்தால், கையுறை போட்டு, ஜன்னலைத் திறந்து வைத்து, தண்ணீர் கலந்த ப்ளீச்சில் நனைத்த துணியைக் கால் மணி நேரம் மடிப்பில் வையுங்கள். பிறகு துடைத்து, காலியாக ஒரு முறை ஓட்டுங்கள். கறை கொஞ்சம் மிஞ்சலாம். வாடை போனால் போதும். ரப்பர் கிழிந்திருந்தால் மாற்றுவதுதான் வழி.

பாதியில் கரண்ட் போச்சா?

2017 நவம்பர் 30-ல் ஒக்கி புயல் அடித்தபோது மாவட்டத்தின் பல ஊர்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. அப்படி நேரத்தில் துணி உள்ளே மாட்டிக்கொண்டால் கதவைப் பிடித்து இழுக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிவிட்டுச் சில நிமிஷம் பொறுங்கள்; சில மாடல்களில் பூட்டு தானாக விடும். கண்ணாடியில் தண்ணீர் தெரிந்தால், முதலில் கீழே உள்ள ஃபில்டர் ஹோஸ் வழியாக முழுசாக வடியுங்கள். அதன் பிறகுதான் கதவு. ஃபில்டர் பக்கத்திலேயே கதவைத் திறக்கும் சின்ன நாடா வைத்த மாடல்களும் உண்டு. உங்கள் மெஷினில் அது எங்கே என்று இன்றைக்கே மேனுவலில் பார்த்து, போனில் போட்டோ எடுத்து வையுங்கள். இருட்டில் தேட வேண்டாம்.

வீட்டில் குட்டிப் பசங்க இருக்காங்களா?

அப்படியென்றால் 'கதவைத் திறந்து வை' என்று சொன்னதில் ஒரு திருத்தம். தவழும், நடக்கும் வயதுக் குழந்தைக்கு டிரம் ஒரு குகை மாதிரி. உள்ளே ஏறிக் கதவு மூடிக்கொண்டால் மூச்சுத் திணறிவிடும். மெஷினில் உள்ள 'சைல்டு லாக்' பெரும்பாலும் பட்டன்களைத்தான் பூட்டும், கதவை இல்லை. அதனால் மெஷின் இருக்கும் அறையைத் தாழ் போட்டுவிட்டுக் கதவைத் திறந்து வையுங்கள். தாழ் போட முடியாத இடமென்றால், துடைத்துவிட்டு நீங்கள் பக்கத்தில் இருக்கும் ஒரு மணி நேரம் மட்டும் திறந்து வைத்து, பிறகு மூடிவிடுங்கள். பூனை வளர்ப்பவர்களும் துணி போடும் முன் உள்ளே ஒரு தடவை எட்டிப் பார்ப்பது நல்லது.

மெஷினைப் பின்பக்கத் திண்ணையில் வைத்திருந்தால் சாரல் படாமல் பாருங்கள். கடல் காற்று வீசும் ஊர்களில் வெளிப்பாகத்தையும் அவ்வப்போது துடைத்துவிட்டால் துரு தள்ளிப் போகும்.

எல்லாம் செய்ய நேரமில்லையா? இன்றைக்கு இரண்டே இரண்டு செய்யுங்கள். ரப்பர் மடிப்பை விரித்து ஒரு தடவை துடையுங்கள். சோப்புப் பெட்டியைக் கழற்றிக் கழுவுங்கள். அந்தத் துணியில் வரும் கறுப்பைப் பார்த்தால், மீதியைச் செய்யச் சொல்லி யாரும் சொல்ல வேண்டியிருக்காது. அடுத்த வாரம் துவர்த்தைத் தூக்கிப் பிடிக்கும்போது அம்மாவே சொல்லுவாங்க, "இப்பதாண்டே தொவச்ச துணி மாதிரி இருக்கு!"